நுண்விலங்குகளில் முட்டை பொரிதலின் கட்டுப்பாடு

நுண்விலங்குகளில் முட்டை பொரிதலின் கட்டுப்பாடு என்பது, வெறும் கண்ணுக்குப் புலப்படாத அல்லது அரிதாகவே புலப்படும் சிறு விலங்குகளின் முட்டைகள் எப்பொழுது, எத்தகைய சூழலில் பொரியும் என்பதைத் தீர்மானிக்கும் இயற்பியல், வேதியியல் நிகழ்வுகளைக் குறிக்கும். நூற்புழுக்கள், ரோட்டிபர்கள், நீர்க்கரடிகள், தட்டைப்புழுக்கள், சிறிய ஓட்டுடலிகள் ஆகியவற்றுள் பலவற்றில், முட்டைக்குள் இருக்கும் இளவுயிரி வளர்ந்து முடிந்த பின்னரும் உடனே வெளிவருவதில்லை. வெளியிலிருந்து குறிப்பிட்ட ஓர் அறிகுறி கிடைக்கும் வரை அது ஓட்டுக்குள்ளேயே காத்திருக்கிறது. இக்காத்திருப்பு சில நாட்களாகவும் இருக்கலாம், 20 ஆண்டுகளுக்கு மேலாகவும் இருக்கலாம்.

கோழி முட்டையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சற்று வியப்பாக இருக்கும். கோழி முட்டையில் கரு வளரத் தேவையான வெப்பம் கிடைத்தால் 21 நாட்களில் குஞ்சு வெளிவந்துவிடும். அங்கு வளர்ச்சியின் முடிவே பொரிதல். ஆனால் இங்கு குறிப்பிடப்படும் விலங்குகளில் வளர்ச்சி வேறு, பொரிதல் வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு பூட்டு உள்ளது. அப்பூட்டு பெரும்பாலும் இளவுயிரியின் உடலில் இல்லை, முட்டையின் ஓட்டில் இருக்கிறது. இதனை மிக விரிவாக ஆராய்ந்திருப்பது உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கும் ஒரு நூற்புழுவில் ஆகையால், இக்கட்டுரை அதனை முதன்மையாகக் கொண்டு, பிற விலங்குகளை அதனுடன் ஒப்பிட்டு விளக்குகிறது.

காத்திருப்பின் தேவை

பொரிதல் திரும்பப் பெற முடியாத ஒரு செயல். ஓட்டுக்குள் இருக்கும் வரை இளவுயிரிக்கு வறட்சி, குளிர், நச்சுப்பொருட்கள், மண்ணில் வாழும் பூஞ்சைகள் ஆகியவற்றிலிருந்து பெருமளவு பாதுகாப்பு உண்டு. வெளியே வந்துவிட்டால் அப்பாதுகாப்பு போய்விடும், மீண்டும் உள்ளே செல்ல வழியில்லை. உருளைக்கிழங்கு நூற்புழுவின் இளம்புழு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமே உடையது. முட்டையிலிருந்து வந்தது முதல் ஒரு வேருக்குள் நுழையும் வரை அது எதையும் உண்பதில்லை. உடலில் சேர்த்து வைத்த கொழுப்பை எரித்தே மண்ணில் நகர்கிறது. அக்கொழுப்பு தீர்வதற்குள் உகந்த செடியின் வேரை அடையவில்லை என்றால் இறந்துவிடும். எனவே அருகில் உருளைக்கிழங்கு வேர் இல்லாத நிலையில் பொரிவது தற்கொலைக்கு ஒப்பானது.

எல்லா நூற்புழுக்களும் இவ்வாறு முட்டைக்குள் காத்திருப்பதில்லை. ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் சீனோராப்டிடிசு எலிகன்சு என்னும் நூற்புழுவின் முட்டை, கரு வளர்ந்து முடிந்தவுடன் பொரிந்துவிடுகிறது. வெளியில் உணவு இருக்கிறதா என்று முட்டை பொருட்படுத்துவதில்லை. ஆனால் உணவு இல்லை என்றால், வெளிவந்த இளம்புழு முதல் பருவத்திலேயே வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சில வாரங்கள் காத்திருக்கும். அதாவது கட்டுப்பாடு இங்கு நீக்கப்படவில்லை, பொரிதலுக்குப் பின்னுக்குத் தள்ளப்பட்டுள்ளது. இப்புழு உண்பது பாக்டீரியாக்களை. அவை அழுகும் பொருள் உள்ள இடமெங்கும் கிடைக்கும். தேடிச் சென்றால் கிடைக்கக்கூடிய உணவை உண்பவை வெளியே வந்து தேடலாம். ஒரே ஒரு வகைச் செடியையோ ஒரே ஒரு விலங்கின் குடலையோ நம்பி வாழ்பவைக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை.

உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு

குளோபோடெரா என்னும் பேரினத்தைச் சேர்ந்த இரு இனங்கள் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழுக்கள் எனப்படுகின்றன. ஒன்று குளோபோடெரா ரோசுட்டோக்கியென்சிசு. இதன் பெண்புழு முதிரும்போது பொன்னிறமாக மாறுவதால் இது தங்க நூற்புழு எனவும் வழங்கப்படுகிறது. செருமனியின் ரோசுட்டாக் நகரின் பெயரைத் தாங்கும் இவ்வினத்தை 1923-இல் வோலன்வேபர் விவரித்தார். மற்றொன்று வெளிறிய நிறமுடைய குளோபோடெரா பாலிடா. இது தனி இனம் என 1973-இல்தான் பிரித்தறியப்பட்டது. இரண்டின் தாயகமும் தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைப்பகுதியாகும். உருளைக்கிழங்கின் தாயகமும் அதுவே.

வேருக்குள் நுழைந்த பெண்புழு ஓரிடத்தில் நிலைத்து, உண்டு, பருத்து, உருண்டை வடிவம் பெற்று வேரின் புறத்தே பிதுங்கி நிற்கும். அது இறக்கும்போது அதன் உடற்சுவர் பதனிட்ட தோலைப் போலக் கெட்டிப்பட்டுப் பழுப்பு நிறமாகிறது. இவ்வாறு தாயின் உடலே முட்டைகளைத் தாங்கும் கூடாக மாறிவிடுகிறது. அரை மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு கூட்டுக்குள் சில நூறு முட்டைகள் இருக்கும். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இளம்புழு ஒருமுறை தோலுரித்து, இரண்டாம் பருவத்தை அடைந்து, அத்துடன் நின்றுவிடுகிறது. கிழங்கைத் தோண்டி எடுத்த பின் கூடுகள் உதிர்ந்து மண்ணில் தங்கிவிடும்.

மூன்றடுக்கு ஓடும் சர்க்கரைக் கரைசலும்

முட்டையின் ஓடு மூன்று அடுக்குகள் கொண்டது. வெளிப்புறம் மெல்லிய ஒரு படலம். நடுவில் கைட்டின் கலந்த தடித்த அடுக்கு. இதுவே ஓட்டுக்கு வலிமையைத் தருகிறது. உட்புறம் கொழுமியமும் புரதமும் சேர்ந்த மிக மெல்லிய அடுக்கு. முதலில் பார்ப்பவர்கள் தடித்த அடுக்குதான் முதன்மையானது என எண்ணக்கூடும். ஆனால் பூட்டு இருப்பது உள்ளிருக்கும் மெல்லிய கொழுமிய அடுக்கில்தான். எப்பொருள் உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்பதை முடிவு செய்வது அதுவே.

இளம்புழுவைச் சூழ்ந்து ஓட்டுக்குள் ஒரு நீர்மம் உள்ளது. இதில் டிரெகலோசு என்னும் சர்க்கரை மிகுந்த அளவில் கரைந்துள்ளது. இதன் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 0.34 மோல் என அளவிடப்பட்டுள்ளது. நமது சமையலறையில் ஊறுகாய்க்கு உப்பு என்ன செய்கிறதோ அதையே இச்சர்க்கரை இளம்புழுவுக்குச் செய்கிறது. சவ்வூடு பரவல் அழுத்தத்தால் புழுவின் உடலிலிருந்து நீர் ஓரளவு வெளியே இழுக்கப்படுகிறது. நீர் குறைந்த உடல் தளர்ந்து, அசைய இயலாத நிலையில் கிடக்கிறது. அசையாத புழுவுக்கு ஆற்றல் செலவு மிகக் குறைவு. மேலும் டிரெகலோசு வறட்சியிலிருந்தும் உறைபனியிலிருந்தும் உயிரணுச் சவ்வுகளைக் காக்கவல்லது. ஒரே பொருள் சிறையாகவும் காவலாகவும் இருப்பது இதன் சிறப்பு.

உருளைக்கிழங்கு வேர் மண்ணில் வளரும்போது பலவகைப் பொருட்களைக் கசியவிடுகிறது. இவ்வேர்க்கசிவு மண்நீரில் கரைந்து முட்டையை அடையும்போது கொழுமிய அடுக்கின் தன்மை மாறுகிறது. அவ்வடுக்கில் பிணைந்துள்ள கால்சியம் அயனிகள் இம்மாற்றத்தில் பங்கு கொள்கின்றன என்பதை இங்கிலாந்தின் ரோத்தம்சுட்டெட் ஆய்வு நிலையத்தில் கிளார்க், பெரி ஆகியோர் நடத்திய ஆய்வுகள் காட்டின. கால்சியத்தின் பிணைப்பு மாறியதும் அடுக்கு கசியத் தொடங்குகிறது. டிரெகலோசு வெளியேறுகிறது, நீர் உள்ளே வருகிறது, புழு நீரேற்று விறைப்படைந்து அசையத் தொடங்குகிறது. ஐந்து நிமிட நேரம் வேர்க்கசிவில் நனைந்தாலே பல முட்டைகளில் இந்நிகழ்வுத் தொடர் தொடங்கிவிடுகிறது என்பதும் அறியப்பட்டுள்ளது.

இறுதிக்கட்டம் முழுக்க முழுக்கப் பொறிமுறை சார்ந்தது. இளம்புழுவின் வாயில் ஊசி போன்ற ஓர் உறுப்பு உண்டு. பின்னாளில் வேரின் உயிரணுக்களைத் துளைக்கப் பயன்படுவது இதுவே. புழு தன் தலையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஓட்டின் ஒரு முனையில் ஊசியால் வரிசையாகக் குத்துகிறது. துளைகள் ஒன்று சேர்ந்து ஒரு பிளவாகின்றன. தபால்தலைத் தாளில் வரிசையாகத் துளையிட்டு, பிறகு கிழிப்பதைப் போன்றது இது. இந்நடத்தையை டான்காசுட்டர், செப்பர்டு ஆகியோர் 1967-இல் விரிவாக விவரித்தனர். அப்பிளவின் வழியே புழு வெளியேறி, கூட்டிலுள்ள இயற்கையான துளைகளின் வழியாக மண்ணை அடைகிறது.

திறவுகோலைத் தேடிய வேதியியல்

வேர்க்கசிவில் உள்ள எந்தப் பொருள் பூட்டைத் திறக்கிறது என்ற கேள்விக்கு விடை காண அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. காரணம் எளிது. அப்பொருள் நம்ப முடியாத அளவு குறைவாக உள்ளது.

முதல் வெற்றி உருளைக்கிழங்கில் அன்று, சோயா மொச்சையைத் தாக்கும் உறவுக்கார நூற்புழுவில் கிடைத்தது. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசமுனேயும் அவரது குழுவினரும் 1982-இல் கிளைசினோக்ளெபின் ஏ என்னும் பொருளைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தனர். ராஜ்மா எனப்படும் பயற்றுச் செடியின் உலர்ந்த வேர்களை ஏறத்தாழ ஒரு டன் அளவு எடுத்து வடித்ததில் அவர்களுக்குக் கிடைத்தது மிகச் சில மில்லிகிராம் மட்டுமே. ஆனால் அதன் ஆற்றல் வியக்கத்தக்கது. ஒரு மில்லிலிட்டர் நீரில், ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே முட்டைகள் பொரிந்தன. ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உடைய ஏரியில் ஒரே ஒரு கிராம் பொருளைக் கரைத்தால் கிடைக்கும் செறிவு இது. (கணக்கிட்டுப் பார்க்க விரும்பும் மாணவர்கள் ஒரு கன மீட்டர் நீர் பத்து இலட்சம் மில்லிலிட்டர் என்பதிலிருந்து தொடங்கலாம்.)

உருளைக்கிழங்குக்குரிய பொருள் சொலனோக்ளெபின் ஏ ஆகும். இதனைப் பிரித்தெடுத்த செய்தி 1986-இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. அதன் முழு அமைப்பு 1999-இல்தான் வெளியாயிற்று. ஒரே மூலக்கூறில் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு அணுக்களைக் கொண்ட வளையங்கள் அனைத்தும் அமைந்துள்ளமையால் இதனைச் செயற்கையாகத் தொகுப்பது வேதியியலாளர்களுக்குப் பெரும் அறைகூவலாக இருந்தது. 2011-இல் தனினோ, மியசிதா ஆகியோரின் ஜப்பானியக் குழு அதனைச் செய்து முடித்தது.

2023-இல் வெளியான மற்றொரு ஜப்பானிய ஆய்வு இக்கதையில் ஒரு திருப்பத்தைக் கொண்டுவந்தது. செடியின் வேர் உண்டாக்கிக் கசியவிடுவது சொலனோக்ளெபின் பி என்னும் நெருங்கிய பொருள். மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளே அதனைச் சொலனோக்ளெபின் ஏ ஆக மாற்றுகின்றன. இரண்டும் முட்டைகளைப் பொரியச் செய்கின்றன. இப்பொருளை உருவாக்கும் மரபணுக்களையும் அவ்வாய்வு தக்காளியில் கண்டறிந்தது. அம்மரபணுக்களைச் செயலிழக்கச் செய்த தக்காளிச் செடிகளின் வேர்க்கசிவில் முட்டைகளைப் பொரியவைக்கும் ஆற்றல் குறைந்து காணப்பட்டது.

தன்னை உண்ணவரும் பகைவனைத் தானே அழைக்கும் பொருளை ஒரு செடி ஏன் உண்டாக்க வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. செடி நூற்புழுவுக்காக அதனை உண்டாக்கவில்லை, வேறு எதற்காகவோ உண்டாக்குவதை நூற்புழு ஒட்டுக்கேட்கிறது எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. இதற்கு நன்கறியப்பட்ட இணை ஒன்று தாவரங்களிலேயே உண்டு. சோளத்திலும் கரும்பிலும் ஒட்டுண்ணியாக வளரும் சுடுமல்லிக் களையின் விதைகள், பயிர் வேர்கள் கசியவிடும் சுட்ரிகோலாக்டோன்கள் என்னும் பொருட்களை உணர்ந்தே முளைக்கின்றன. அப்பொருட்களை வேர்கள் ஏன் கசியவிடுகின்றன என்பது நெடுநாள் புதிராக இருந்தது. வேருடன் கூட்டு வாழ்க்கை நடத்தும் பூஞ்சைகளை அழைப்பதற்கான அறிகுறி அது என்பது 2005-இல் தெரியவந்தது. நண்பனுக்கு அனுப்பிய மடலைப் பகைவனும் படித்துவிடுகிறான். மடல் அனுப்புவதை நிறுத்தினால் நண்பனும் வரமாட்டான் என்பதால், ஒட்டுக்கேட்கும் உயிரிக்கு இது நம்பகமான அறிகுறியாகிறது.

ஒருசேரப் பொரியாமை

மிகச் சரியான வேர்க்கசிவு கிடைத்தாலும் ஒரு கூட்டிலுள்ள எல்லா முட்டைகளும் ஒரே பருவத்தில் பொரிவதில்லை. ஒரு பகுதி பொரியாமல் அடுத்த பயிருக்காகத் தங்கிவிடுகிறது. மறுபுறம், வேர் ஏதும் இல்லாத மண்ணிலும் ஆண்டுதோறும் ஒரு பகுதி தானாகப் பொரிந்து வீணாகிறது. புதிதாக உருவான முட்டைகளில் பல, குளிர்காலம் ஒன்றைக் கடக்கும் வரை வேர்க்கசிவுக்கு இணங்குவதே இல்லை. இது உறக்கநிலை எனப்படும். கிழங்கு அறுவடையாகும் காலத்தில் பிறந்த முட்டை, அந்தச் செடியின் கசிவையே நம்பிப் பொரிந்தால் வெளியே வரும்போது செடி இருக்காது என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பயன் விளங்கும்.

இவ்வாறு பரவலாகப் பொரிவதைக் குறைபாடு எனக் கருதக்கூடாது. பாலைநிலத்து ஓராண்டுத் தாவரங்களின் விதைகள் ஏன் ஒரே மழையில் எல்லாம் முளைப்பதில்லை என்பதற்கு டான் கோகன் என்பவர் 1966-இல் ஒரு கணித விளக்கம் அளித்தார். எதிர்காலம் நிச்சயமற்றதாக இருக்கையில், எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் பணயம் வைக்கும் வழித்தோன்றல் எப்போதாவது ஒரு மோசமான ஆண்டில் அடியோடு அழிந்துவிடும். சிலவற்றை இருப்பில் வைத்திருக்கும் வழித்தோன்றல் நல்ல ஆண்டுகளில் சற்றுக் குறைவாகப் பெருகினாலும் நீடித்து நிற்கும். இவ்விளக்கம் விதைகளுக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு முட்டைகளுக்கும் பொருந்தும்.

பாசிகளில் வாழும் நீர்க்கரடிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஓர் இனத்தின் முட்டைகளை ஒரே சூழலில் வளர்த்தபோது, சில விரைவில் பொரிந்தன, சில காலந்தாழ்த்திப் பொரிந்தன, இன்னும் சில முட்டைகள் ஒருமுறை உலர்ந்து மீண்டும் நனைந்த பிறகே பொரிந்தன. பாசித்திட்டு அடிக்கடி காய்வதும் நனைவதுமாக இருக்கும் இடம் ஆதலால், காய்ந்து நனைதலே அங்கு காலத்தை அறிவிக்கும் மணி. ரோட்டிபர்கள் இவ்வேறுபாட்டை வேறு வகையில் அமைத்துக்கொண்டுள்ளன. நல்ல காலத்தில் பெண்கள் ஆணின்றி இடும் முட்டைகள் ஓரிரு நாட்களுக்குள் பொரிகின்றன. நெருக்கடி வருங்கால் ஆண்கள் தோன்றிக் கலவியால் உண்டாகும் முட்டைகளோ தடித்த ஓட்டுடன் சேற்றில் புதைந்து ஆண்டுக்கணக்கில் உறங்கி, ஒளியும் தகுந்த வெப்பமும் கிடைத்தால் விழிக்கின்றன.

நீரால் திறக்கும் பூட்டுகள்

உருளைக்கிழங்கு நூற்புழுவில் சர்க்கரை வெளியேறுவதால் பூட்டு திறக்கிறது. உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியாவில் இதே சர்க்கரை நேரெதிரான வேலையைச் செய்கிறது. கால் மில்லிமீட்டர் அளவே உள்ள இதன் உலர்ந்த முட்டைகளிலும் டிரெகலோசு ஏராளமாகச் சேமிக்கப்பட்டுள்ளது. முட்டை நனைந்து, உயிர்வளியும் ஒளியும் கிடைத்து விழித்துக்கொண்டதும், கரு டிரெகலோசிலிருந்து கிளிசராலை உண்டாக்கி ஓட்டுக்குள் தேக்குகிறது. கிளிசரால் நீரை உள்ளிழுக்க, உள்ளழுத்தம் ஏறி ஓடு வெடிக்கிறது. இதனை ஜேம்சு கிளெக் 1964-இல் விளக்கினார். சுற்றியுள்ள நீரில் உப்பு கூடக்கூட, ஓட்டை வெடிக்கச் செய்யக் கூடுதல் கிளிசரால் தேவைப்படுகிறது. உப்பளம் காய்ந்து உப்புச் செறிவு எல்லை மீறியிருந்தால் ஓடு திறப்பதே இல்லை. மழை பெய்து உப்பு நீர்த்தால் எளிதில் திறக்கிறது. தனியே ஓர் உணர்வுறுப்பு இல்லாமலேயே முட்டை மழையை அளந்துவிடுகிறது.

உயிர்வளி இல்லையென்றால் ஆர்ட்டீமியாக் கருவின் உட்புற அமிலத்தன்மை கூடி, வளர்சிதைமாற்றம் ஏறக்குறைய முழுவதும் நின்றுவிடுகிறது. நனைந்த நிலையில், உயிர்வளியே இல்லாமல் நான்கு ஆண்டுகள் வைத்திருந்த கருக்களும் பின்னர் பிழைத்தன என்பதைக் கிளெக் 1997-இல் வெளியிட்டார். தகரப்பெட்டிகளில் அடைத்து விற்கப்படும் இம்முட்டைகளை நம்பியே உலகெங்கும் இறால் பொரிப்பகங்கள் இயங்குகின்றன. தமிழகக் கடற்கரையில் உள்ளவையும் இதற்கு விலக்கல்ல.

இரத்தத் தட்டைப்புழுக்களான சிசுட்டோசோமாக்களின் முட்டைகளும் நீரையே அறிகுறியாகக் கொள்கின்றன. மனித உடலுக்குள் உப்பின் செறிவு ஒரே அளவில் இருக்கும் வரை அவை பொரிவதில்லை. கழிவுடன் வெளியேறி நன்னீரில் விழுந்ததும், செறிவு சட்டெனக் குறைய, ஒளியும் துணைசெய்ய, சிறிது நேரத்தில் ஓடு பிளந்து நீந்தும் இளவுயிரி வெளிவருகிறது. அது ஒரு நாளுக்குள் தகுந்த நத்தையைக் கண்டடைய வேண்டும். ஆய்வகங்களில் இம்முட்டைகளைப் பொரியாமல் வைத்திருக்க உப்புக் கரைசலே போதுமானது.

குடலை அறியும் முட்டைகள்

மனிதக் குடலில் வாழும் உருண்டைப்புழுவான அசுகாரிசின் முட்டை மண்ணில் இளம்புழுவாக வளர்ந்து, ஒருவரின் வாய்வழி உட்செல்லும் வரை பொரியாது. ஓட்டின் உட்புறக் கொழுமிய அடுக்கு இங்கும் பூட்டாக உள்ளது. அது வேதிப்பொருட்களை எந்த அளவு தடுக்கிறது என்றால், ஆய்வாளர்கள் இம்முட்டைகளை நீர்த்த கந்தக அமிலத்திலோ நீர்த்த பார்மலினிலோ இட்டு வளர்ப்பதே வழக்கம். பிற நுண்ணுயிரிகள் மாண்டுவிடும், புழு வளரும். ஆத்திரேலியாவைச் சேர்ந்த ரோச்சர்சு 1950-களின் இறுதியில், இதனைத் திறப்பது கரியமிலவாயு என்று காட்டினார். உடல் வெப்பம், நடுநிலைக்கு அண்மித்த காரகாடித்தன்மை, கரைந்த கரியமிலவாயு ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடம் சிறுகுடல். மூன்றும் கூடினால், இளம்புழு கைட்டினையும் கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்கும் நொதிகளைச் சுரந்து ஓட்டை உள்ளிருந்து கரைக்கிறது. ஒன்று மட்டும் போதாது என்பதே இதன் நுட்பம். வெயிலில் காயும் மண்ணும் வெதுவெதுப்பாக இருக்கலாம், அழுகும் குப்பையிலும் கரியமிலவாயு மிகுதியாக இருக்கலாம்.

சாட்டைப்புழுவின் இலக்கு பெருங்குடல். எலுமிச்சை வடிவான அதன் முட்டையில் இரு முனைகளிலும் அடைப்பான்கள் உள்ளன. மான்செசுட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல், எலிகளைத் தாக்கும் சாட்டைப்புழுவின் முட்டைகள் பெருங்குடல் பாக்டீரியாக்கள் தொட்டால்தான் பொரிகின்றன என்று கண்டனர். ஈ. கோலை பாக்டீரியாவின் மேற்பரப்பில் உள்ள நுண்மயிரிழைகள் முனை அடைப்பானைப் பற்றிக்கொள்வது இதற்குத் தேவைப்பட்டது. அவ்விழைகள் இல்லாத பாக்டீரியாக்களால் இயலவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்துப் பாக்டீரியாக்களைக் குறைத்த எலிகளில் நிலைகொண்ட புழுக்களும் குறைந்தன. உருளைக்கிழங்கின் பொருளை மண் நுண்ணுயிரிகள் மாற்றித் தருவதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம். விருந்தோம்பியின் வருகையை அறிவிப்பது எப்போதும் விருந்தோம்பி மட்டுமே அல்ல.

வேளாண்மையில் இதன் பங்கு

முட்டைக்கூடு நூற்புழுவை ஒழிப்பது கடினமாக இருப்பதற்குப் பொரிதலின் கட்டுப்பாடே முதற்காரணம். ஓரிரு ஆண்டுகள் வேறு பயிர் செய்தால் எண்ணிக்கை குறையும், ஆனால் தீராது. நூற்புழுக்கொல்லி மருந்து வெளியே வந்த புழுவைத் தாக்கும் அளவுக்கு ஓட்டுக்குள் உள்ளதைத் தாக்குவதில்லை. ஒருமுறை மண்ணில் குடியேறினால் ஒரு தலைமுறைக் காலம் அது அங்கே இருக்கும் என்றே உழவர்கள் கொள்ள வேண்டியுள்ளது.

தமிழ்நாட்டுக்கு இது நேரடித் தொடர்புடைய செய்தி. ரோத்தம்சுட்டெட்டைச் சேர்ந்த ஜோன்சு 1961-இல் உதகமண்டலத்தின் விஜயநகரம் பண்ணையில் இப்புழுவைக் கண்டார். இந்தியாவில் இது அறியப்பட்டது அதுவே முதன்முறை. நீலகிரியில் இரு இனங்களும் உள்ளன. பின்னர் கொடைக்கானல் மலைப்பகுதியிலும் காணப்பட்டது. கூடு ஒட்டிய மண் விதைக்கிழங்குடன் பயணிக்கும் என்பதால், நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு பிற மாநிலங்களுக்குச் செல்வதற்கு 1971-இல் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. கிழங்கு பயிரிட்டு விதைக்கிழங்காக விற்றுவந்த மலை உழவர்களுக்கு அது ஒரு சந்தையையே மூடியதற்குச் சமம். 2018-இல் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்டம், ஜம்மு காசுமீர் ஆகிய வடபுல மலைப்பகுதிகளிலும் புழு இருப்பதாக அறிவிக்கப்பட்டு, அங்கும் இதையொத்த தடை வந்தது.

எதிர்ப்புத்திறன் உள்ள கிழங்கு வகைகள் பொரிதலைத் தடுப்பதில்லை என்பது பலரும் தவறாக விளங்கிக்கொள்ளும் ஒன்று. அவற்றின் வேரும் வழக்கம்போல் முட்டைகளை அழைக்கிறது. புழுக்கள் வெளிவந்து வேருக்குள்ளும் நுழைகின்றன. ஆனால் உண்பதற்கான உயிரணுக்களை உருவாக்கிக்கொள்ள இயலாமல் பெண்புழுக்கள் வளராது மடிகின்றன. அதனால் இவ்வகைகளைப் பயிரிடுவது வெறுமனே நிலத்தைத் தரிசாக விடுவதை விட விரைவாக முட்டை இருப்பைக் குறைக்கிறது. 1952-இல் எலன்பி ஆண்டீசு உருளைக்கிழங்கு ஒன்றில் கண்ட எதிர்ப்புத்திறன் எச்1 என்னும் மரபணுவாக அறியப்பட்டு, 1966-இல் பிரித்தானியாவில் வெளியான மாரிசு பைப்பர் வகை வழியாகப் பரவியது. அது தங்க நூற்புழுவை அடக்கியது. வெளிறிய நூற்புழுவை அது தடுக்காததால், அடக்கப்பட்ட இனம் விட்ட இடத்தை மற்ற இனம் நிரப்பியது. பாலிடா முட்டைகள் மெதுவாகவும் நெடுநாள் பரவியும் பொரிபவை ஆதலால் அதனைக் கட்டுப்படுத்துவது இன்னும் கடினம். நீலகிரிக்கென 1985-இல் வெளியிடப்பட்ட குப்ரி சுவர்ணா வகை இரு இனங்களுக்கும் எதிர்ப்புத்திறன் உடையது.

பொரிதலையே ஆயுதமாக்கும் முறை பொறிப்பயிர் ஆகும். கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த சோலானம் சிசிம்பிரிபோலியம் என்னும் முட்செடியின் வேர்க்கசிவு முட்டைகளைப் பொரியச் செய்கிறது, ஆனால் அதன் வேரில் புழுவால் இனம்பெருக்க இயலாது. ஐரோப்பாவில் சில பகுதிகளில் இதனைக் கிழங்குப் பயிர்களுக்கு இடையே வளர்க்கின்றனர். செடியே இல்லாமல் திறவுகோலை மட்டும் வயலில் தெளித்துப் புழுக்களைப் பட்டினியில் மடியச் செய்யலாம் என்ற எண்ணம் பழமையானது. தற்கொலைப் பொரிதல் என்று இதற்குப் பெயர். சொலனோக்ளெபினை ஆய்வகத்தில் தொகுக்க முடிந்தாலும், அத்தனை படிகள் கொண்ட தொகுப்பு வயலுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே அமைப்பில் எளிய, அதே பூட்டைத் திறக்கவல்ல மாற்றுப் பொருட்களைத் தேடுவதே வேதியியலாளர்களின் வழியாக உள்ளது. அவ்வாறு தெளித்தாலும், உறக்கநிலையில் உள்ள முட்டைகளும் முன்னர்க் கூறியவாறு அழைப்புக்கு இணங்காத ஒரு பகுதியும் மண்ணில் எஞ்சியே இருக்கும். எனவே மீண்டும் கிழங்கு நடுவதற்கு முன் மண்ணை எடுத்து நீரில் கரைத்துச் சலித்து, கூடுகளை எண்ணி, அவற்றுள் உயிருள்ள முட்டைகள் எத்தனை என்று நுண்நோக்கியில் பார்ப்பது தேவைப்படுகிறது.